ஒரே கடாயில் அன்னாசி சிக்கன்

நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வரும் நாளில்தான் அந்தத் தப்பு நடந்தது. சிக்கன் மெத்தென்று இருக்கட்டுமே என்று பச்சை அன்னாசியோடு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால், கறி கூழாகிக் கிடக்கிறது! அன்னாசியில் உள்ள புரோமிலைன் புரதத்தைச் சிதைத்துவிடும். நன்றாகச் சூடு பட்டால் அதன் வேலை நின்றுவிடும். அதனால், முதலில் பழத்தை வதக்குங்கள்.

தேவையானவை (4 பேருக்கு): எலும்பில்லாத சிக்கன் - அரை கிலோ, பொடியாக நறுக்கிய அன்னாசி - 1 கப், பெரிய வெங்காயம் - 2, பச்சை மிளகாய் - 3, இஞ்சி பூண்டு விழுது - 1 டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் - 1 டீஸ்பூன், கெட்டித் தேங்காய்ப்பால் - 1 கப், இரண்டாம் பால் - 1 கப், மஞ்சள்தூள், எண்ணெய், உப்பு, கறிவேப்பிலை - தேவைக்கு.

செய்முறை: அகலமான கடாயில் எண்ணெய் காய்ந்ததும் அன்னாசியை ஓரம் சிவக்க வதக்கி, தனியே எடுத்துவையுங்கள். அதே கடாயில் வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, விழுது வதக்கி, சிக்கன், தூள்கள், உப்பு சேர்த்துப் பிரட்டுங்கள். இரண்டாம் பால் ஊற்றி, மூடி வேகவிடுங்கள். சிக்கன் நன்றாக வெந்ததும் அன்னாசி, கெட்டிப்பால் சேர்த்து, சிறுதீயில் நுரை கட்டியதும் இறக்குங்கள். தளதளவெனக் கொதித்தால் பால் திரிந்துவிடும். சாதம், ஆப்பம் இரண்டுக்கும் பொருந்தும்.

அன்றைய கூழ்க்கறி? பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருண்டை பிடித்துப் பொரித்துவிட்டேன். ‘அந்த உருண்டையை மறுபடி எப்போம்மா செய்வே?’ என்று மாமியார் இன்றும் கேட்கிறார்!