கப்பலிலும் பந்திக்கு முந்துங்கள்



“அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா, அம்மாவைக் கப்பலில் அழைத்துப்போக ஆசை. எதைப் பார்த்து புக் செய்வது?” என்று கேட்டு வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. மகிழ்ச்சியாக இருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் கிளம்பியது. அடுத்த ஆண்டு அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. சிங்கப்பூர் சுற்றுலா போகிறவர்கள் மெரினா பே முனையத்தில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் வரை போய்வருவதும் இப்போது சகஜமாகிவிட்டது.

கடிதங்களில் பெரும்பாலும் அறையைப் பற்றித்தான் கேள்வி: ஜன்னல் போதுமா, பால்கனி வேண்டுமா? நான் முதலில் கேட்கச் சொல்வது சாப்பாட்டை. அறை பிடிக்காவிட்டால் மேல்தளத்தில் காற்று வாங்கியபடி பொழுதைக் கழிக்கலாம். நடுக்கடலில் அம்மாவுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இறங்கிப்போய் இட்லி வாங்கிவர முடியாது.

இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில் சைவத்துக்குக் கவலையில்லை. மற்ற பெரிய கப்பல்களிலும் சைவம் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் சைவத்தில் முட்டை இருக்கலாம். காய்கறிப் பொரியலில் சிப்பி சாஸ், தாய்லாந்துக் குழம்பில் மீன் சாஸ், சூப்பில் கோழி வேகவைத்த நீர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். எனவே முன்பதிவின்போதே “முட்டையும் மீனும் இறைச்சியும் சேராத இந்தியச் சைவம்” என்று விளக்கமாக எழுதிக் கொடுங்கள். ஹலால், சர்க்கரை நோய், நிலக்கடலை ஒவ்வாமை எதுவானாலும் இப்படித்தான். ஏஜென்ட் ‘சொல்லியாச்சு’ என்றால் போதாது. கப்பல் நிறுவனத்தின் பதிவில் அது ஏறியிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதோடு விடாதீர்கள். முதல் நாள் மாலை பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனதும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பல கப்பல்களில் அவரோ உடன் வேலை செய்பவரோ நம் நாட்டுக்காரராகவே இருப்பார். மெனு அட்டையில் இல்லாத பருப்பும் சாதமும் சப்பாத்தியும் நாளை இரவுக்கு வேண்டும் என்று இன்றைக்கே சொன்னால், சமையலறையில் செய்துகொடுப்பது வழக்கம். சாப்பிடும் நேரத்தில் வந்து கேட்டால் அவர்களாலும் முடியாது. இரவு உணவுக்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். மற்றதில் நினைத்த நேரத்துக்குப் போகலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் முதல் முறையில் முன்பந்தியைக் கேட்டு வாங்குங்கள். மாலை ஆறு மணியை ஒட்டி உட்கார்ந்துவிடலாம். பின்பந்தி எட்டைத் தாண்டிவிடும். அப்பாவுக்கு மோரும் அம்மாவுக்கு வெந்நீரும் வேண்டும் என்பது இரண்டாம் நாளே பரிமாறுபவருக்குப் பழகிவிடும். அந்தக் கவனிப்பை அப்பாவும் அம்மாவும் எவ்வளவு ரசிப்பார்கள் என்பதைப் போனபின் நீங்களே பார்ப்பீர்கள்.

கப்பல் ஏறும் நாளில் புஃபே நெரிசலாக இருக்கும். சாப்பாட்டுக் கூடமும் மதியம் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கிருமிநாசினி திரவம் இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே தட்டை எடுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்க அதுதான் நல்ல வழி.

இனி பணம். விளம்பரத்தில் வரும் தொகை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒருவருக்கானது. தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு பங்கு கட்ட நேரலாம். துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்தத்தைக் கேளுங்கள். தினப்படி சேவைக் கட்டணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க நிறுவனங்களின் பெரிய கப்பல்களில் சாதாரண அறைக்கு இது ஆளுக்கு, நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 250 டாலருக்கு மேல். தனிச்சிறப்பு உணவகங்கள், குளிர்பானங்கள், வைஃபை எல்லாம் பெரும்பாலும் கட்டணத்தில் சேராதவை. பானங்களுக்கான பேக்கேஜை மது அருந்தாத குடும்பம் வாங்கவே வேண்டாம் என்பேன். டீயும் தண்ணீரும் புஃபேயில் கிடைக்கும்.

அறை விஷயம் சுருக்கமாக: தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை. அங்கேதான் ஆட்டம் குறைவு. மேலே நடன அரங்கு இல்லாத அறையா என்று தள வரைபடத்தைப் பாருங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் ஒற்றை எழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யச் சொல்லுங்கள். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் எப்படி நிரப்புவது என்று நிறுவனத்திடமே கேளுங்கள். சிங்கப்பூரில் ஏறி வேறு நாட்டைத் தொட்டுத் திரும்புவதானால் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். விசா அதற்கு இடம் தருகிறதா என்று பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எடுத்துப்போகாதீர்கள். தீ விபத்துப் பயத்தால் சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையாகலாம். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். மொபைலை ஃப்ளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துப் பெரிய பில்லாகிவிடும்.

கரையில் இறங்கும் நாட்களில் புஃபேயிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள். வயிறார காலை உணவை முடித்துக்கொண்டே இறங்குங்கள். ஊர் நேரமும் கப்பல் நேரமும் வேறுபடலாம் என்பதால், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை இறங்கும்போதே கேட்டு ஆளுக்கொரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்