பச்சை அட்டை கிடைத்தால் போதுமா?

நிலநடுக்கம் ஓய்ந்த மறுநாள் வியாபாரியின் மனத்தில் எழும் முதல் கேள்வி, "கடையை எப்போது திறக்கலாம்?" என்பதுதான். அதில் தவறொன்றும் இல்லை. வெல்லம் கசியும், வெங்காயம் அழுகும், வாடகையும் வட்டியும் நமக்காகக் காத்திரா. ஊருக்கும் அன்றுதான் அரிசியும் பருப்பும் அவசரமாகத் தேவைப்படும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாமல்ல. கட்டடத்தைச் சோதிக்க வரும் பொறியாளர். அவரை நம் பிழைப்புக்குக் குறுக்கே நிற்பவராகப் பார்ப்பது பெருந்தவறு என்பதே நமது கருத்து.

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. 13,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. ஆய்வு செய்த பொறியாளர்கள் கண்டது என்ன? மேல் தளங்களில் செங்கல் சுவர்கள் நிறைய. தரைத்தளத்திலோ வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றி வெறும் தூண்கள். ஆட்டத்தின் வேகமெல்லாம் அந்தத் தூண்களின் தலையில் இறங்கியது. தூண் கம்பிகளைச் சுற்றிய வளையங்கள் அதிக இடைவெளியுடனும், முனை உள்ளே சரியாக மடிக்கப்படாமலும் இருந்தன. தூண்கள் நொறுங்கின. அதிர்வைத் தாங்கும்படி கம்பி கட்டும் முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993லேயே வெளியிட்டிருந்தது. ஏட்டில் இருந்தது கட்டடத்தில் இல்லை.

நம் கடைவீதிகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மாடியில் குடியிருப்பு, கீழே முன்புறம் முழுவதும் ஷட்டர். அகமதாபாத்தில் கண்ட குறை நமக்கு அந்நியமானதல்ல. 2002ல் திருத்தப்பட்ட நில அதிர்வு வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியதையும் மறந்துவிடக் கூடாது.

பாலங்களின் சோதனையும் நம் தொழிலைத் தொடுவதே. கட்ச் பகுதியைக் குஜராத்தின் பிற பகுதிகளோடு இணைக்கும் சூரஜ்பாரி பாலம் அதே நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. பாலத்தின் உத்தரம் தாங்கியை விட்டு நகர்ந்திருந்தால், மேலே தார் விரிசலின்றி இருந்தாலும் சரக்கு லாரி ஏறக்கூடாது. கீழே இறங்கிப் பார்க்கும் பொறியாளருக்கே அது தெரியும்.

சேதமடைந்த கட்டடங்களுக்கு வண்ண அட்டை ஒட்டும் முறை 1989ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. சிவப்பு என்றால் உள்ளே போகக்கூடாது. மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டுடன் போகலாம். பச்சை என்றால் தடையில்லை. பச்சை அட்டையை வாங்கிவிட வேண்டுமென்று அதிகாரியை நெருக்கும் ஆசை யாருக்கும் வரும். அதன் விலையை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் கொடுத்தது. 2010 செப்டம்பர் நடுக்கத்துக்குப் பின் அங்கே சி.டி.வி. கட்டடத்துக்குப் பச்சை அட்டை கிடைத்தது. 2011 பிப்ரவரி 22 அன்று மீண்டும் நிலம் ஆடியபோது அது இடிந்து 115 பேர் இறந்தனர். விரைவுச் சோதனை என்பது கண்ணுக்குத் தெரியும் சேதத்தைப் பார்ப்பது மட்டுமே. கட்டடத்தின் பலத்துக்கு உத்தரவாதம் அல்ல. அந்நாட்டில் பின்னர் பச்சைக்குப் பதிலாக வெள்ளை அட்டை கொண்டுவரப்பட்டது.

அதே நகரின் மையக் கடைவீதி வேலியிடப்பட்டு, கடைசி வேலி அகன்றது 2013 ஜூனில்தான். உயிரைக் காக்கக் கதவை மூடுவது நியாயம். ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் நம் முதல் முடங்கிக் கிடக்கிறதே, அதற்கு யார் பொறுப்பு? சோதனைக்குக் கீழ்ப்படியும் வணிகருக்குச் சில உரிமைகள் உண்டு. சிவப்பு அட்டைக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விரிவான மறுசோதனைக்குக் காலக்கெடு வேண்டும். பாதுகாப்பு உள்ள இடங்களில் கணக்குப் புத்தகத்தையும் சரக்கையும் எடுக்க, பொறியாளர் மேற்பார்வையில் அனுமதி வேண்டும். கடை மூடிய காலத்துக்கு வங்கிக் கடன் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும். இவற்றை ஆபத்து வரும் முன்பே அரசிடம் கேட்டுப் பெறுவது சங்கங்களின் கடமை.

நம் பங்கும் உண்டு. இடத்துக்கு ஆசைப்பட்டுத் தூணைச் செதுக்குவதோ, சுவரை இடிப்பதோ கூடாது. பரணிலும் மாடியிலும் அளவுக்கு மீறி மூட்டை அடுக்கக் கூடாது. கட்டட உரிமையாளரிடம் வரைபடத்தின் நகல் கேட்டு வாங்கி வைப்போம். சோதிக்க வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவியில்லை. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, கடைவீதியை ஒரு நாள் சுற்றிக் காட்டட்டும்.

ஆண்டுதோறும் தராசுக்கு முத்திரை வைக்கிறோம். நாமும், நம் கடைப் பையன்களும், வாடிக்கையாளரும் நிற்கும் கூரையைச் சோதிக்க மட்டும் நிலம் நடுங்கும் வரை காத்திருக்க வேண்டுமா?