சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதலாமா? பழவேற்காட்டுல இருந்து ஒரு பதில்

"அமெரிக்காவுல சைக்காலஜிஸ்டே மாத்திரை எழுதுறாங்களாமே டாக்டர், இங்க ஏன் விடமாட்டேங்கிறீங்க?"

இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

இந்தியாவில் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 106: தன் துறைக்கு அனுமதியில்லாத மருந்தை யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

அமெரிக்காவிலும் எல்லா மாநிலத்திலும் கிடையாது. 2002ல் நியூ மெக்சிகோ, 2004ல் லூசியானா, அப்புறம் இன்னும் சில. அங்கேயும் சும்மா தூக்கிக் கொடுக்கலை. நியூ மெக்சிகோவில் சைக்காலஜியில் டாக்டர் பட்டம் வாங்கினவர் மேற்கொண்டு 450 மணி நேரம் வகுப்பு, மேற்பார்வையில் 400 மணி நேரம், 100 நோயாளிகள், அதுக்கு மேல ஒரு தேர்வு. பாஸ் பண்ணினாலும் முதல் ரெண்டு வருஷம் டாக்டர் மேற்பார்வையிலதான் எழுதணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

பழவேற்காடு குப்பத்துல ஒரு அண்ணன், பைபோலார் நோய்க்கு லித்தியம் சாப்பிடுறார்னு வச்சுக்கோங்க. விடியுமுன்ன படகு ஏறினா உச்சி வெயில் வரைக்கும் தண்ணியிலதான். வேர்வையா கொட்டும், குடிக்கிறது ஒரு பாட்டில் தண்ணி. லித்தியம் கிட்னி வழியா வெளியேற வேண்டிய மருந்து. உடம்புல நீரும் உப்பும் குறைஞ்சா கிட்னி அதை வெளியே விடாம பிடிச்சு வச்சுக்கும். வலை இழுத்த இடுப்பு வலிக்கு சாயங்காலம் மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக். அதுவும் லித்தியம் அளவை ஏத்தும். பிரஷருக்கு எனலாப்ரில் வேற சாப்பிட்டா, அதுவும் ஏத்தும்.

கை நடுங்கும், நடை தள்ளாடும், வாந்தி வரும், பேச்சு குழறும். ஊர்ல என்ன சொல்வாங்க? "குடிச்சிருக்கான்."

நோயைக் கட்டுப்படுத்துற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. அதனால லித்தியம் எழுதுறவர் மனசை மட்டும் கேட்டா போதாது. கிட்னி, தைராய்டு, இடுப்பு வலி மாத்திரை எல்லாம் கேட்கணும். கெடுபிடி அதுக்குத்தான்.

டாக்டர் நண்பர்கள் உடனே கைதட்ட வேண்டாம். க்ளினிக்கல் சைக்காலஜியில் எம்ஃபில் படிச்சவர் ரெண்டு வருஷம் மேற்பார்வையில் பயிற்சி எடுத்து, ஆர்சிஐ பதிவோட வர்றார். எம்பிபிஎஸ்ல எனக்கு மனநல வார்டு போஸ்டிங் ரெண்டே வாரம். ஆனா சட்டப்படி பேனா என் கையில! இதுல பெருமைப்பட எதுவுமில்லை.

இப்ப குப்பத்துக்கு வாங்க. பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சென்னைக்கு இன்னொண்ணு. மருந்து வாங்கவே ஒரு நாள் வருமானம் போச்சு. முகத்துவாரம் மணல் மூடினா தொழில் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுற நாள்லயும் கடலுக்குப் போக முடியாது. (டிவியில நாம கைதட்டுற நாள்.) கையில காசு இல்லாதப்ப வீட்ல முதல்ல நிக்கிறது மனநல மாத்திரைதான். நிறுத்தினா அன்னைக்கே ஒண்ணும் தெரியாதே!

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்புல, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கலைன்னு வந்துச்சு.

சைக்காலஜிஸ்டுக்கு லைசென்ஸ் கொடுத்தா இது தீருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அவங்களும் நம்மள மாதிரி சென்னையிலதான் இருக்காங்க. லைசென்ஸ் வந்த உடனே பழவேற்காட்டுக்குக் குடிவரப் போறதில்லை. நியூ மெக்சிகோ மாதிரி நிபந்தனைகளோட வந்தா நான் எதிர்க்கமாட்டேன். ஆறு மாச டிப்ளமோவுக்கு போர்டு மாட்டினவங்க கையில பேனா போகும்னா, கட்டாயம் எதிர்ப்பேன்.

அதைவிட சீக்கிரம் செய்யக்கூடியது இருக்கு. மருந்தை மனநல மருத்துவர் ஆரம்பிக்கட்டும், தொடர்றது ஆரம்ப சுகாதார நிலையத்துல நடக்கட்டும். அரசு மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலப் பயிற்சி கொடுக்கணும்னு அதே 2017 சட்டம் சொல்லுது. ரெண்டு வாரப் போஸ்டிங்கை அங்க சரிபண்ணுங்க. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் அக்காமார்கள் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்றாங்க. நிலையா இருக்கிற நோயாளியோட மனநல மாத்திரையும் அந்தப் பையிலயே தவறாம வரணும். சைக்காலஜிஸ்ட் வாரத்துல ரெண்டு நாள் பொன்னேரியில உட்கார்ந்து பேசட்டும். அதை அவங்க அளவுக்கு நான் செய்ய முடியாது.

அதுவரைக்கும் 14416, டெலி மனாஸ். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

வீட்ல யாராவது லித்தியம் சாப்பிட்டா, மெடிக்கல்ல வலி மாத்திரை கேட்குறதுக்கு முன்னாடி அதைச் சொல்லுங்க. வாந்தி, பேதி, கை நடுக்கம் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, மாத்திரை அட்டையோட.