மலையேற 27000 ரூபா சப்பாத்து வேணுமாம்!

இந்த வருஷம் தைப்பொங்கல் லீவில் லிப்டன் சீட்டுக்கு நடந்து போவோம் என்று ஒன்பது பேர் முடிவெடுத்தோம். போன அன்று வந்தது ஐந்து பேர். வராத நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள், வீட்டில் விடவில்லை. அந்தக் கதைக்குக் கீழே வருகிறோம். மற்ற இரண்டு பேரும் சொன்ன காரணம்தான் இதை எழுத வைத்தது.

"எங்ககிட்ட ட்ரெக்கிங் சப்பாத்து இல்லடா."

சொன்ன இரண்டு பேரும் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். தம்பேதன்ன ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் அந்த ஏழு கிலோமீட்டர் பாதை மாதிரியான பாதையில்தான் சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். அவர்களுடைய அம்மாமார் இன்றைக்கும் பாட்டாச் செருப்போடு, சில நாள் வெறுங்காலோடு, அதைவிட மோசமான சரிவில் நின்று கொழுந்தெடுக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மலையேறத் தகுதியில்லை என்று யார் சொல்லிக் கொடுத்தது?

தேடிப் பார்த்தோம். ஒரு மலையேற்றக் குழு தன் பயணத்துக்குப் போட்டிருந்த பட்டியல் கிடைத்தது. நீர்புகாத சப்பாத்து, நீர்புகாத ஜாக்கெட், நடைக்கோல் இரண்டு, அட்டைக் காலுறை, தண்ணீர்ப் பை. "இவை இல்லாதவர்கள் தயவுசெய்து பதிவு செய்ய வேண்டாம்" என்று கீழே ஒரு வரி. அந்தப் பட்டியலில் இருந்த மாதிரி ஒரு ஜோடி சப்பாத்து 27000 ரூபா என்று ஒரு கடையில் பார்த்தோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் போட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. வகுத்துப் பாருங்கள். சரியாக இருபது பேர். எடை குறைந்து அரைப்பேர் விழுந்தால் இன்னும் கூடும். இருபது நாள் மலையில் நின்றால்தான் மலையைப் பார்க்கப் போகலாம் என்பதுதான் அந்தச் சம்பளத்தின் கணக்கு.

"பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" என்று கேட்பீர்கள். முக்கியம்தான். அதனால்தான் கேட்கிறோம், அந்தப் பட்டியல் பாதுகாப்புக்காகப் போட்டதா, படத்துக்காகப் போட்டதா? ஊவாவின் சரிவில் ஆளை விழுத்துவது தேய்ந்து வழுவழுப்பான அடிப்பாகம். பிராண்ட் இல்லாத சப்பாத்து என்பதற்காக யாரும் விழுவதில்லை. புட்போல் ஸ்பைக் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஈரப்பாறையில் சறுக்கும். பழைய பள்ளிக்கூடக் கேன்வஸ் சப்பாத்து காய்ந்த பாதைக்குப் போதும். டெனிம் போட்டு நனைந்தால் அது நாள் முழுக்கக் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதைவிட மலிவான நைலோன் காற்சட்டை எவ்வளவோ மேல். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். மாற்றிப் போட ஒரு உலர்ந்த சட்டையைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொள்ளணும். ஒரு டோர்ச், ஒரு விசில். நனைந்த சப்பாத்தை அடுப்படியில் காயவைக்காதீர்கள், தோல் வெடிக்கும், பசை விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக் காற்றில் வையுங்கள்.

இதெல்லாம் எங்களுக்கு எந்தப் பயிற்சி முகாமும் சொல்லித் தரவில்லை. அம்மாவும் மாமாவும் சொன்னதுதான். இடுப்பில் கட்டும் படங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை வாது கிழிக்காமல், ஈரம் உள்ளே இறங்காமல் காக்கிற அதுவும் ஒரு உபகரணம்தான். சாக்கை மடித்துத் தலையில் போடுகிற கொங்காணியும் அப்படித்தான். அதற்கு முந்திய காலத்தில் கம்பளி. தோட்டம் கம்பளியைக் கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. குளிருக்கு என்ன போடணும் என்பதை இருநூறு வருஷமாகக் கடன்பட்டுப் படித்த சனம் நாங்கள்.

இங்கே கொஞ்சம் தூரம் போய்வர அனுமதியுங்கள்.

எங்களில் ஒருவனுக்குப் பனிச்சறுக்கு வீடியோ பைத்தியம். பனியை அவன் கண்ணால் கண்டதில்லை. நுவரெலியாவில் ஜனவரி காலையில் புல்லில் படியும் உறைபனிதான் எங்களுக்குத் தெரிந்த உச்சம். அது விழுந்தால் கொழுந்து கருகும், அதனால் யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. ஆனால் ஸ்னோபோர்ட் பற்றி அவன் சொல்வதைக் கேட்க எங்களுக்கும் பிடிக்கும். காலில் பூட்டிய ஒற்றைப் பலகை. அதன் ஓரத்தில் எஃகு விளிம்பு. பலகையைச் சாய்த்து அந்த விளிம்பால் பனியை அறுத்துத் திரும்புவதற்குப் பெயர் கார்விங். சரியாகத் திரும்பினால் பின்னால் கத்தியால் கீறியது போல் ஒரு மெல்லிய கோடு விழும். விளிம்பு மழுங்கினால் பலகை அறுக்காது, பக்கவாட்டில் வழுக்கும். அதனால் அவர்கள் சீசனுக்குச் சீசன் பலகையை மேசையில் பூட்டி, ஒரு பாகை, இரண்டு பாகை என்று கோணம் பார்த்து அரத்தால் ராவுகிறார்கள். கல்லால் பிசிர் எடுக்கிறார்கள். அடிப்பாகத்தில் மெழுகை உருக்கி, ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து, ஆறவிட்டுச் சுரண்டுகிறார்கள். பதினைந்து நிமிட வீடியோவில் ஒரு மனுஷன் வாய் திறக்காமல் இதை மட்டும் செய்கிறான். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள்.

அந்த வீடியோவை ஒரு நாள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுடைய தாத்தா எட்டிப் பார்த்தார். "கவ்வாத்துக் கத்தி தீட்டுற மாதிரில்ல இருக்கு" என்றார்.

அதேதான். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டணும். வெட்டு சாய்வாகவும் சுத்தமாகவும் விழணும். கத்தி மழுங்கியிருந்தால் வாது பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கி அழுகும், ஒரு செடியே போய்விடும். அதனால் தாத்தா கல்லில் தண்ணீர் தெளித்து, கோணம் மாறாமல் தீட்டுவார், கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே வைத்துப் பார்ப்பார், திரும்பத் தீட்டுவார். கோணத்துக்கு அவரிடம் கருவி இல்லை, மணிக்கட்டுதான்.

ஒன்றை உலகம் கலை என்கிறது, பொழுதுபோக்கு என்கிறது, அதற்குக் கடை இருக்கிறது, போட்டி இருக்கிறது. மற்றது தோட்டக் கூலி வேலை. அந்த ஸ்னோபோர்ட்காரனோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அவன் தன் பொருளை நேசிக்கிறான், நல்லது. எங்கள் சண்டை எங்களோடுதான். சரிவையும் விளிம்பையும் ஈரத்தையும் இவ்வளவு தெரிந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, சாமான் இல்லை" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமே, அதுதான் கோபம்.

இன்னொன்றையும் சொல்லணும். அந்த விலையுயர்ந்த ஜாக்கெட்டை ஒரு தடவை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டு விளையாட்டு உடைகள் எத்தனையோ இலங்கையில் தைத்துப் போகிறவை. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து அக்காமாரும் இருக்கிறார்கள். தைக்கிற கை நம்முடையது, போட்டுக்கொண்டு நம்முடைய மலையில் ஏறுகிற உடம்பு மட்டும் வேறொருவருடையது.

பாதை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெய்ல், 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் பாதைகளைத் தொடுத்து உண்டாக்கியது. நல்ல முயற்சி, நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் "தோட்டத் துரைமார் போட்ட பாதை" என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கணும்: எந்தத் துரை மண்வெட்டி பிடித்தான்? 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கும், 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயிலுக்கும் கல் சுமந்தது யார்?

நடப்பது எங்களுக்குப் புது மோஸ்தரும் இல்லை. தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, வழியில் செத்தவர்கள் போக மீந்தவர்களின் வாரிசுகள் நாங்கள். 2023இல், மலையகம் 200ஐ முன்னிட்டு, அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு "மாண்புமிகு மலையக மக்கள்" நடைபயணம் ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. அதில் நடந்தவர்களின் கால்களைப் படத்தில் பார்த்தோம். பாதிப்பேர் செருப்புத்தான்.

இப்போது பெண்கள் கதை. வராத தோழிகளில் ஒருத்தியின் அம்மா கேட்ட கேள்வி: "அங்க போய் என்ன பண்ணப் போற?" அதே தோழி பள்ளி லீவு நாட்களில் அம்மாவுக்கு உதவியாக அதே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள். அப்போது யாரும் எதையும் கேட்கவில்லை. விடிகாலை இருட்டில், மழையில், குளவிக் கூடு இருக்கும் மரத்தடியில் நிற்கலாம். வேலை இல்லாமல், சும்மா, பார்க்கப் போனால் மட்டும் பிழையாகிவிடும். எங்கள் பெண்களின் கால் உழைப்புக்கு மட்டும் நடக்கணும் என்று தோட்டம் நினைத்ததில் அதிசயம் இல்லை. நாமும் அப்படி நினைப்பதுதான் வெட்கம். நடக்க வந்த ஐந்து பேரும் பையன்கள். அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது உறைக்கவும் இல்லை. இதை எங்களுக்கு எதிராகவே எழுதுகிறோம்.

கொழும்பிலிருந்து "வின்டர் ட்ரிப்" வரும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் எல்லயில் மூடுபனி பார்க்கும் சீசன். ஊவாவுக்கு அது வடகீழ்ப் பருவமழைக் காலம், ஒக்டோபரிலிருந்தே மண் கனக்கத் தொடங்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனதும் இந்தக் காலத்தில்தான். உங்கள் பட்டியலில் தண்ணீர்ப் பை இருக்கிறது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இல்லை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அவர்கள் அறிவிக்கிறார்கள். அதைப் பார்க்கக் காசு வேண்டாம். சிவப்பு என்றால் அங்கே இருக்கிற சனமே வெளியேறணும். அன்றைக்குப் போய் நின்று வீடியோ எடுப்பது வீரம் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். கொழுந்தெடுக்கிற அம்மாவைப் படம் எடுக்க முந்திக் கேளுங்கள். அவர் நிறைக்கு ஓடிக்கொண்டிருக்கிறார், உங்களுக்காகச் சிரித்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கிலோவில் குறையும். வழிகாட்டி வேணும் என்றால் தோட்டத்துப் பொடியனைக் கூட்டிப் போங்கள், போகும் முன்னரே கூலியைப் பேசுங்கள். "தம்பி நல்ல பிள்ளை" என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்புவதைக் கூலி என்று நாங்கள் கணக்கெடுக்க மாட்டோம்.

இனி நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?

முதலாவது, எங்கள் நடையில் "கட்டாயம்" என்ற பட்டியல் கிடையாது. பிடிப்புள்ள அடிப்பாகம், உலர்ந்த சட்டை, டோர்ச். இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கணும். அதற்காக ஒரு பெட்டி வைக்கிறோம். அண்ணாவுக்குச் சின்னதாகிப்போன சப்பாத்து, கட்டுநாயக்கவிலிருந்து அக்கா அனுப்பிய பழைய ஜாக்கெட், எதுவானாலும் போடுங்கள். சப்பாத்து ஒட்டவும் தைக்கவும் எங்களில் இரண்டு பேருக்குத் தெரியும்.

இரண்டாவது, பெண் தோழிகள் இல்லாமல் ஒரு நடையும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போய்க் கேட்கிறோம் என்று முதலில் எழுதியிருந்தோம். தோழிகள் வாசித்துவிட்டு, "நீங்க வந்து கேட்டா இன்னும் விட மாட்டாங்க, நாங்க எங்கட அம்மாமாரையும் கூட்டிட்டு வாறோம்" என்றார்கள். அதுதான் சரி. அம்மாமாரும் வருகிறார்கள், கூடை இல்லாமல்.

மூன்றாவது, மழை எச்சரிக்கை இருந்தால் நடை இல்லை. அன்றைக்கு வீட்டில் இருந்து படம் பார்ப்போம்.

அடுத்த போயா தினத்தில் நமுனுகுல, எச்சரிக்கை எதுவும் இல்லாவிட்டால். 2036 மீற்றர். காலை ஆறு மணிக்குப் பதுளை பஸ் ஸ்டாண்டில் நிற்போம். சப்பாத்து இல்லை என்று வராமல் விட்ட அந்த இரண்டு பேருக்கும் இதை அனுப்பியாச்சு. ஒருவனுடைய கால் அளவு எட்டு. யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.