பழைய டெலிவிஷன்: தட்டாதே! தூக்கி எறியாதே!

மாலை 7 மணி. வீட்டு வேலைகள் முடிந்து விட்டன. குடும்பம் முழுவதும் கூடத்தில் கூடி விட்டது. பேரன் பொத்தானை அழுத்தினான். டெலிவிஷனில் படம் வரவில்லை!

மறுபடியும் அழுத்தினான். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது, அணைந்தது. பத்துத் தடவை அழுத்திய பிறகு, படம் வந்தது!

"இதற்கு வயதாகி விட்டது. எறிந்து விட்டுப் புதிது வாங்கலாம்" என்றார், மகன்.

"வந்த பிறகு நன்றாகத்தானே ஓடுகிறது? ஏன் எறிய வேண்டும்?" என்றார், தாத்தா.

இந்த வாக்குவாதம் பல வீடுகளில் நடப்பதுதான். இதில் தாத்தா பக்கமே நியாயம் அதிகம்.

காரணம் என்ன?

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை டெலிவிஷன் அப்படியே பயன்படுத்துவது இல்லை. உள்ளே இருக்கும் "பவர் சப்ளை" பலகை, அதைத் தேவையான அளவுக்கு மாற்றிக் கொடுக்கிறது. அந்தப் பலகையில் சிறு உருளைகள் போல நிற்பவைதான் கண்டன்சர்கள்.

கண்டன்சர் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாயில் தண்ணீர் கூடியும் குறைந்தும் வந்தாலும், தொட்டியில் இருந்து சீராக வரும் அல்லவா? அதுபோல, கண்டன்சர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, சீராகக் கொடுக்கிறது.

இதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. ஆண்டுகள் ஆக ஆக, அது வற்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால், கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்! வற்றிய கண்டன்சர், குளிர்ந்து இருக்கும்போது சரியாக வேலை செய்யாது. சற்றுச் சூடேறியதும் வேலை செய்யும். பத்துத் தடவை அழுத்திய பிறகு படம் வரும் மர்மம் பெரும்பாலும் இதுதான்!

கெட்டுப்போன கண்டன்சரின் தலை பல சமயம் உப்பி இருக்கும். மெக்கானிக் பார்த்த உடனே கண்டுபிடித்து விடுவார்.

தட்டலாமா?

பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினால், சில சமயம் படம் வரும். உள்ளே ஈயப்பற்று விட்டுப் போயிருந்தால், தட்டும்போது அது ஒட்டிக்கொள்ளும். ஆனால் நோய் தீர்ந்து விடாது. விட்டுப்போன இடத்தில் தீப்பொறி பறந்தால், சிறிய பழுது பெரிய பழுதாகி விடும்.

வீட்டில் செய்யக்கூடியது

மெக்கானிக்கை அழைக்கும் முன்பு, வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்யலாம்.

முதலில், அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். விளக்கும் எரியாவிட்டால், குற்றம் டெலிவிஷன் மேல் இல்லை!

அடுத்து, ரிமோட்டை விட்டு விட்டு, பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அதில் படம் வந்தால், ரிமோட்டுக்குப் புதுப் பாட்டரி போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, வயரைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் மாட்ட வேண்டும். அப்போதும் சிவப்பு விளக்கு சிமிட்டினால், எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக் கொள்வது நல்லது. பல பெட்டிகளில் அந்த எண்ணிக்கையே பழுதைச் சொல்லும்.

கருகிய வாடை வந்தால், சோதனையே கூடாது. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து!

பெட்டியின் முதுகை மட்டும் வீட்டில் கழற்றக் கூடாது. பவர் சப்ளை பலகையில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். வயரைக் கழற்றிய பிறகும் அது தங்கி இருக்கலாம்.

படக்குழாய் உள்ள பழைய கலர் பெட்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 15-9-2006 அன்று தொடங்கிய இலவசத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் அந்த வகைதான். அவை ஓடும்போது படக்குழாயில் ஏறும் அழுத்தம் 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் அதிகம்! நிறுத்திய பிறகும் மின்சாரம் குழாயில் தங்கும். அதைத் தொடுவது தெரிந்தவர் வேலை.

எறிவது லாபமா?

கண்டன்சர் விலை மலிவான சாமான். மெக்கானிக்கின் கூலியைச் சேர்த்தாலும், புதிய டெலிவிஷன் விலைக்கு அருகில் வராது. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். 105 டிகிரி தாங்கும் கண்டன்சராகப் போடச் சொல்லலாம். அதிக நாள் உழைக்கும்.

எல்லாவற்றையும் பழுது பார்க்கத்தான் வேண்டும் என்பது இல்லை. திரையே உடைந்து விட்டால், செலவு கட்டுபடி ஆகாது. அப்போதும் அதைக் குப்பையில் போடக்கூடாது. படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்து இருக்கிறது. அது நச்சுப்பொருள். மின்கழிவு வாங்கும் அனுமதி பெற்ற இடத்தில் கொடுப்பதே முறை.

தவணையில் புதிய டெலிவிஷன் வாங்குவது சுலபம். மாதா மாதம் கட்டுவதுதான் கஷ்டம். சின்னஞ்சிறு கண்டன்சருக்காக ஒரு குடும்பம் கடனாளி ஆகலாமா?

கண்ணில் புரை விழுந்தால் வைத்தியம் பார்க்கிறோம். ஆளையே ஒதுக்கி விடுவது இல்லை. உழைத்த பெட்டிக்கும் ஒரு தடவை வைத்தியம் பார்த்தால் என்ன?