எந்த வட்டம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆட்டோ ஏறி, வெறும் கதவு எண்ணை மட்டும் சொல்லிப் பாருங்கள். வண்டி நகராது. "எந்த வட்டம் சார்?" என்பார் ஓட்டுநர். வட்டம் சொல்லாத முகவரி இங்கே முகவரியே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்களைப் பற்றித் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். பென்ஷன் வரவைப் பார்ப்பதும் அதே கம்ப்யூட்டரில்தான், பேரன் விளையாடுவதும் அதில்தான். "தம்பி, எழுதறதுக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் நல்லா இருக்குமாம். இறக்கி வச்சு ரொம்ப நாளாச்சு, போட்டுக் கொடுங்களேன்" என்றார்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகைகள், ரசீதுகள், பேரன் எங்கிருந்தோ இறக்கிய 'இலவச' விளையாட்டுகள். நடுவில் நோட்பேட் பிளஸ் பிளஸ் 8.8.1 இன்ஸ்டாலர். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

2025 ஜூனில் வெளியே தெரிந்த ஓட்டை அது. நாம் 'யெஸ்' கொடுத்ததும் இன்ஸ்டாலருக்குக் கம்ப்யூட்டரில் முழு அதிகாரம் வந்துவிடும். வேலையின் நடுவே அது 'ரெக்எஸ்விஆர்32' என்ற விண்டோஸின் சொந்தக் கருவியைக் கூப்பிடும். அந்தக் கருவி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லாமல், பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டதுதான் தப்பு. இன்ஸ்டாலர் இருக்கும் ஃபோல்டரிலேயே அதே பெயரில் ஒரு திருட்டு ஃபைல் காத்திருந்தால், "வந்தேன் ஐயா" என்று அது முன்னால் வந்து நிற்கும். முழு அதிகாரமும் அதன் கைக்குப் போகும். வட்டம் கேட்காத ஆட்டோக்காரர் மாதிரி!

8.8.2-ல் முழு முகவரியையும் எழுதிச் சரிசெய்துவிட்டார்கள். ஏற்கெனவே போட்டு வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். வம்பு அந்தப் பழைய இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுவதில்தான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பல மொழிகளில் எழுத உதவும் விண்டோஸின் உள்பகுதியிலேயே, எக்ஸ்பி காலத்திலிருந்து ஓர் ஓட்டை இருந்தது. சாதாரணக் கணக்கில் நுழைந்தவர் அதன் வழியே உச்ச அதிகாரம் வரை போக முடியும் என்று 2019-ல் காட்டினார் கூகுளின் டேவிஸ் ஆர்மண்டி. அந்த ஆகஸ்டிலேயே மைக்ரோசாஃப்ட் அதை அடைக்க அப்டேட் கொடுத்தது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று நாம் தள்ளிவிடுகிறோமே, அந்த அப்டேட்டில்தான் இதெல்லாம் வருகிறது.

பழைய இன்ஸ்டாலரை அழித்தேன். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதியதை ஒரு காலி ஃபோல்டரில் இறக்கிப் போட்டேன். பேரனுக்குத் தனிக் கணக்கு. அவன் இறக்குவது இனி அவன் ஃபோல்டரோடு நிற்கும். எதையாவது இன்ஸ்டால் செய்ய விண்டோஸ் அனுமதி கேட்டால், தாத்தாவின் பாஸ்வேர்ட் வேண்டும்.

"வட்டம் போடாம லெட்டர் எழுதின கதையால்ல இருக்கு" என்று சிரித்தார் பெரியவர். பேரன் மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை.