ஏரி வாரியம் நமக்குக் கற்பிப்பது என்ன?



"தண்ணீரைச் சேமிப்போம்" என்று நம் மாணவர்கள் சுவரொட்டி வரைகிறார்கள்; பரிசும் பெறுகிறார்கள். ஆனால், பொதுவில் உள்ள ஒன்றைப் பலர் கூடிக் காப்பது எப்படி என்பதை நாம் கற்பிக்கிறோமா? இல்லை என்பதே என் கருத்து.

தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1991ஆம் ஆண்டு டுரியான் துங்கல் அணை வறண்டு, மலாக்கா மக்கள் நீர்ப் பங்கீட்டால் அல்லலுற்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பொதுவளத்தை ஆளுக்கு ஆள் சுரண்டி அழித்துவிடுவர் என்று 1968இல் கேரட் ஹார்டின் எழுதினார். அது விதியன்று என மெய்ப்பித்தவர் எலினோர் ஆசுட்ரம் அம்மையார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, கண்காணித்து, மீறுவோரைப் படிப்படியாகத் தண்டித்தால் பொதுவளம் நிலைக்கும் என்று பல நாட்டுச் சான்றுகளால் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. சபாவின் 'தகால்' முறையில் ஆற்றின் சில பகுதிகளில் மீன்பிடிக்கக் கிராமத்தாரே தடை விதிக்கின்றனர். மீறுவோருக்கு மரபுவழித் தண்டம் உண்டு. 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் அதற்குத் துணை நின்றது.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்திற்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்ததைக் கூறுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர்! நாமோ குடவோலையைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு, கணக்கை மறந்துவிடுகிறோம். நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். உழுதவனுக்கு இடமில்லாத வாரியத்தை அப்படியே போற்ற இயலாது.

தோட்ட வாழ்வில் தண்ணீர், வீடு, பாதை யாவும் நிர்வாகத்தின் கையில் இருந்தன. குழாய் உடைந்தால் கிராணியிடம் சொல்வதே வழக்கம். தோட்டத்தைவிட்டு வெளியேறிய பின்னும், 'எவரோ வந்து செய்வர்' என்று காத்திருக்கும் மனப்பான்மை நம்மைவிட்டு முழுதும் அகலவில்லை. அடைபட்ட கால்வாயும் குப்பை ஒதுங்கும் கடற்கரையும் அதற்குச் சாட்சி.

ஆகவே, பள்ளித் தோட்டத்தையும் தண்ணீர்க் குழாய்களையும் ஒரு தவணைக்கு மாணவர்களிடம் ஒப்படைத்துப் பாருங்கள். விதியை அவர்களே எழுதட்டும். முறை வைத்துக் கண்காணிக்கட்டும். தவணை முடிவில் சபைகூடலில் கணக்குக் காட்டட்டும். பெற்றோர்களே, வீட்டு நீர்க் கட்டணச் சீட்டைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். தானே வகுத்த விதியை மீற எந்தப் பிள்ளையும் தயங்கும். அந்தத் தயக்கத்தைச் சுவரொட்டி தராது, பொறுப்புத்தான் தரும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.